குடியிருக்க வரும் குடும்பம்

"குடியிருக்கவா, மறுபடி விக்கவா?" என்று கேட்டாள் ஜெனெவியேவ், சாவிக்கொத்தைக் கையிலிருந்து கீழே வைக்காமல்.

வீரசாமி சுவரிலிருந்து உள்ளங்கையை எடுத்தான். ஈரம் ஏறாத சுவர்.

சென்ட்ர் டி ஃப்ளாக்கில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்த வீடு. மூன்று அறை, முன்னால் ஒரு லிச்சி மரம். தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் இப்படி வீடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜெனெவியேவுக்கு அடுத்த வாரம் கப்பல்.

வீரசாமிக்கு இது புதுத் தொழில். பதினாறு வருடம் தன் ஊரான சுயாக்கின் பஸ்ஸை ஓட்டியவன், வேலையை விட்டுவிட்டு, போர்ட் லூயிஸின் டிராங்கெபார் பேட்டையில் ஒற்றை அறையில் தங்கி, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய தரகன் லுசியெனிடம் வீடு வாங்கி விற்கப் படித்துக்கொண்டிருந்தான். பத்திரத்தில் எதை முதலில் பார்ப்பது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், எந்தத் தெரு நாளைக்கு விலை ஏறும். இதுவரை கூட நின்று பார்த்ததோடு சரி. தன் சேமிப்பைப் போட்டு வாங்க வந்த முதல் வீடு இது.

ஆறு மாதத்தில் கைமாற்றிவிடுவதாக ஏற்பாடு.

"குடியிருக்கத்தான், மாதாம்."

அதுவும் லுசியென் சொல்லிக்கொடுத்ததுதான். பிறந்த வீட்டை விற்கிறவர்களிடம், குடும்பம் வருகிறது என்று சொல்ல வேண்டும். மனசு இளகும்.

அவள் இளகவில்லை. "பிள்ளைங்க இருக்காங்களா? என்ன வயசு?"

வாசலில் நின்ற லுசியென் தொண்டையைச் செருமினான்.

"பெரியவ காமாட்சி, எட்டு வயசு. விளக்கை அணைச்சா அழுவா. பையன் மருதைக்கு அஞ்சு. மரத்தைக் கண்டா விடமாட்டான். கீழே இறக்குறதுக்குள்ள அவன் அம்மாவுக்குப் போதும் போதும்னு ஆயிடும்."

ஜெனெவியேவ் லிச்சி மரத்தை எட்டிப் பார்த்தாள்.

பிறகு தெருப்பக்கத்துச் சின்ன அறையைத் திறந்து காட்டினாள். "இதைப் பொண்ணுக்குக் குடுங்க. தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே விழும்."

வீரசாமி கேட்ட விலைக்கே சம்மதித்துக் கைகொடுத்தாள்.

தெருமுனை தாண்டியதும் லுசியென் அதுவரை அடக்கிய சிரிப்பைக் கொட்டினான். "குடும்பம்னு மட்டும்தானே சொல்லச் சொன்னேன்! கல்யாணமே ஆகாத ஆளு, பேரு, வயசு, அழுகை எல்லாம் எங்கேர்ந்து பிடிச்சீங்க? இனிமே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லை."

வீரசாமியும் சிரித்துவைத்தான். தனிக்கட்டை என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தான். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

அறுபதாம் வருடப் புயலில் சுயாக் வீடு சரிந்தபோது, வீரசாமி பஸ்ஸோடு போர்ட் லூயிஸில் மாட்டிக்கொண்டிருந்தான். ஊர் வந்து சேர்ந்தபோது மூன்று பேரையும் அடக்கம் செய்திருந்தார்கள்.

அன்றைக்குக் காமாட்சிக்கு எட்டு, மருதைக்கு ஐந்து.

ஏழு வருடத்தைக் கூட்டிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.