பட்டியலில் இரண்டாவது பெயர்

விமானம் ஏற வரிசையில் நின்றவர்களை மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தார் கிரேன் ஓட்டுநர். ஒருவர் வராமல் போனால் போதாது. இரண்டு பேர் வராமல் போக வேண்டும். காலியாகும் முதல் இடம், பக்கத்து நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு.

கிரேன் ஓட்டுநரின் மகள் விமான நிறுவனத்தில் வேலை பார்ப்பதால் அவருக்கு ஸ்டேண்ட்பை பாஸ். டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால் ஏறலாம். காலை விமானத்தில் மிஞ்சவில்லை. மதியம் மிஞ்சிய இரண்டையும், வேலை முடிந்து வீடு திரும்பும் பைலட்டுகள் இருவர் கொண்டுபோய்விட்டார்கள். இது மாலை விமானம், இன்றைக்குக் கடைசி.

பாஸில் போகிறவர்கள் பாந்தமாக உடுத்த வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்காகப் போட்ட ஷூ விடிந்ததிலிருந்து காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கழட்டிப் போடுங்க தம்பி. ஷூவப் பாத்தா எடம் குடுக்கப் போறாங்க?" என்றார் அந்த அம்மா.

"நீங்க சொல்லுவீங்கக்கா. லிஸ்ட்ல மொத ஆளு."

"அது எங்க வீட்டுக்காரரோட சர்வீஸு. இதே விமானக் கம்பெனியோட ரிப்பேர் ஷெட்ல முப்பத்தொரு வருஷம். சர்வீஸ் கூடுனா பேரு மேல ஏறிடும்."

பிஸ்கட்டைத் தேடிப் பையிலிருந்ததை மடியில் எடுத்து வைத்தார். கைக்குட்டை, மாத்திரை அட்டை, ஒரே மாதிரி இரண்டு சாவிகள் தொங்கும் வளையம். மறதிக்காரர் போலிருக்கிறது, மாற்றுச் சாவியையும் கையோடு வைத்திருக்கிறார் என்று கிரேன் ஓட்டுநர் நினைத்துக்கொண்டார்.

"ஏர்போர்ட்டுக்கு எப்ப வந்தீங்கக்கா?"

"நேத்துக் காலைல. மக வீட்ல நாலு மாசம் இருந்தாச்சு. இன்னும் இருந்தா மாப்பிள்ளை மூஞ்சி மாறிடும்." பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நீட்டினார். "நீங்க ஏன் இப்படித் தவிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"பையன் நாளைக்குக் காலைல கப்பல் ஏறுறான். மொத வேலை. பதினோரு மாசம் கழிச்சுத்தான் வருவான். இதையும் விட்டா அவன் மூஞ்சியப் பாக்க முடியாது."

அந்த அம்மா மடியிலிருந்ததையெல்லாம் பைக்குள் திரும்பப் போட்டார். பிறகு, "வாசலப் பாத்துக்கிட்டே இருப்பான்" என்றார்.

"உங்க வீட்லயும்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"அவருக்கு காலிங்பெல் சத்தமே ஆகாது. தெருமுனைல வண்டி திரும்பும்போதே கதவத் தெறந்துட்டு நிப்பாரு."

கிரேன் ஓட்டுநருக்கு உள்ளுக்குள் எரிச்சல் மூண்டது. ஒரு நாள் கழித்துப் போனால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? திறக்கிறவர் நாளைக்கும் திறப்பார். அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுவிடலாம். ஆனால் நா எழவில்லை.

வரிசை கரைந்துகொண்டே வந்தது. கடைசி நாலைந்து பேர் நிற்கும்போது அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"முகம் கழுவிட்டு வரேன் தம்பி." பையையும் எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.

இரண்டே நிமிடம். ஒலிபெருக்கி அந்த அம்மாவின் பெயரைச் சொன்னது. ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது. இன்னொரு முறை சொன்னது. கவுன்ட்டர் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், உங்க பக்கத்துல இருந்தாங்களே ஒரு அம்மா, எங்க போனாங்க, பாத்தீங்களா?"

கழிப்பறைக் கதவு இருபதடி தூரத்தில் இருந்தது.

"கவனிக்கலம்மா" என்றார் கிரேன் ஓட்டுநர்.

மூன்றாவது முறையும் அழைத்துப் பார்த்துவிட்டு, அவள் பட்டியலில் இரண்டாவது பெயரைப் படித்தாள். அவருடைய பெயர்.

போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு நடந்தார். ஆட்களின் தலைக்கு மேல் டன் கணக்கில் பாரத்தைத் தூக்கி நிறுத்தும் வேலையில் இருபத்திரண்டு வருஷம். கீழே நிற்கிறவரைக் கவனிக்கவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

விமானத்துக்குப் போகும் கதவருகே திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈரமே இல்லை.

"சார், கதவ மூடப் போறாங்க."

"ஒரு நிமிஷம்மா." கடிக்கிற ஷூவோடு ஓடி வந்தார். "அக்கா, நீங்க உள்ள இருந்தது எனக்குத் தெரியும். கேட்டாங்க, சொல்லாம விட்டுட்டேன். இது உங்க எடம். வாங்க, பேர மாத்தித் தரச் சொல்றேன்."

அந்த அம்மா போர்டிங் பாஸை வாங்கவில்லை.

"எனக்கும் காதுல விழுந்துச்சு தம்பி. மூணு தடவையும்."

"எனக்காகவா விட்டுக் குடுத்தீங்க?"

"அவ்வளவு நல்லவ இல்ல நான். நேத்தும் ரெண்டு தடவ எடம் வந்துச்சு. அப்பவும் உள்ளதான் போய் நின்னுக்கிட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அங்க அண்ணன் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு..."

அந்த அம்மா பைக்குள் கைவிட்டுச் சாவி வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதையே பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

"நான் போய்த்தான் தெறக்கணும் தம்பி. அவரோட சாவியும் சேத்து ரெண்டும் இப்ப என்கிட்டதான் இருக்கு."