பேச்சு மாறுகிறவன்

"சரியான புளுகன் மேடம் இவன். கேட்ட தடவையெல்லாம் வேற வேற கதை விடறான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா சாயங்கால விமானத்துலயே ஏத்தி விட்டுடலாம்."

சொல்லிவிட்டு விசாரணை அதிகாரி, எதிரில் உட்கார்ந்திருந்த தாடிக்காரனை முறைத்தார். எல்லை தாண்டி வந்து அடைக்கலம் கேட்டவன் அவன். அவனுடைய ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. திருப்பி அனுப்பினால் உயிர் மிஞ்சுவது கஷ்டம். ஆனால் அவன் நிஜமாகவே அந்த ஊர்க்காரன்தானா என்பதில் அதிகாரிக்குச் சந்தேகம். கைக்கடிகாரத்தைக்கூடச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புகிற மனிதர் அவர்.

பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்துச் சொல்ல மேலிடம் அனுப்பியிருந்த மொழியியல் பேராசிரியை, பழைய விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றினார்.

"உங்களுக்கு இவன் பாஷை தெரியுமா மேடம்?"

"தெரியாது சார்."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியாமலே எப்படிச் சோதிப்பீங்க?"

"நிறைய பாஷை பேசறது மொழியியல் இல்லை சார். பாஷைங்கறது எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறதுதான் மொழியியல். வாயில எந்தெந்த ஒலி எப்படிப் பிறக்குதுன்னு பாக்கறது ஒலியியல். அந்த ஒலியெல்லாம் சேர்ந்து எப்படிச் சொல்லாகுது, சொல்லெல்லாம் எந்த வரிசையில நின்னு வாக்கியமாகுது, இதுக்கெல்லாம் தனித்தனிப் பிரிவு இருக்கு. பாதி வேலைக்கு எனக்குக் காது போதும்."

"அப்ப அர்த்தம்?"

"அதுவும் ஒரு பிரிவுதான். பொருண்மையியல்னு பேரு. அதுக்கு மட்டும் பாஷை தெரிஞ்ச ஆள் வேணும். உங்க மொழிபெயர்ப்பாளரைத்தான் நம்பி வந்திருக்கேன்."

"தாராளமா நம்பலாம்!" என்றார் அதிகாரி.

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் அவருடைய சொந்த மச்சினன். 'என் தம்பி கப்பல்ல உலகத்தையே சுத்தினவன். அவனுக்குத் தெரியாத பாஷையா?' என்று மனைவி சில வருடங்களுக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று வாங்கிக் கொடுத்த வேலை. உலகத்திலேயே அதிகாரி சந்தேகப்படாத ஒரே ஆள் அவன்தான். சந்தேகப்பட்டுவிட்டு வீட்டில் சாப்பிட முடியாது.

"ஊரை விட்டு எப்படிக் கிளம்பி வந்தார்னு கேளுங்க தம்பி," என்றார் பேராசிரியை.

மச்சினன் கேட்டான். தாடிக்காரன் அவன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னான்.

"லாரியில ஒளிஞ்சு வந்தானாம் மாமா... சாரி, சார். பாதி வழியில லாரி ரிப்பேராம். பட்டினி கிடந்தானாம்."

அதிகாரி மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா மேடம்! முதல் விசாரணையில படகுல வந்தேன்னான். ரெண்டாவதுல காட்டு வழியா நடந்தேன்னான். இப்ப லாரி! நாளைக்கு யானைன்னுவான்!"

பேராசிரியை சிரிக்கவில்லை. அதிகாரிக்கு இப்போது அவர் மேலேயே சந்தேகம் தட்டியது. இளகின மனசுக்காரி போலிருக்கிறதே, கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவாளோ?

பேராசிரியை ஹெட்போனை மச்சினனிடம் நீட்டினார். "போன விசாரணையில ஒரு சின்னத் துண்டு. என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுங்க."

மச்சினன் கண்ணை மூடிக் கேட்டான். "அவங்கம்மா போன வருஷமே தவறிட்டாங்களாம் மேடம். பாவம்."

காபி வந்தது. ஆறுவதற்குள் குடித்தார்கள். தாடிக்காரன் தன் கோப்பையைத் தொடவே இல்லை. பேராசிரியை மறுபடி ஹெட்போனை நீட்டினார். "இது?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். பணம் அனுப்பணுங்கறான்."

"நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு மேடம்."

அதிகாரி துள்ளி எழுந்தார். "செத்த அம்மாவுக்குப் பணமா? வசமா மாட்டிக்கிட்டான்!"

"ஆமா சார்," என்றார் பேராசிரியை. "வசமா மாட்டிக்கிட்டார்."

அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார். நான் போட்டுக் காட்டினது ரெண்டு துண்டு இல்லை. ஒரே துண்டைத்தான் ரெண்டு தடவை போட்டேன்."

மச்சினன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"முதல் விசாரணையில இவர் என்னென்னவோ பேசிப் பாத்திருக்கார். அதுக்கப்புறம் எதைக் கேட்டாலும் ஒரே வரிதான் சார். இப்ப லாரின்னு தம்பி சொன்னாரே, அதுவும் அதே வரிதான். ஒரு ஒலிகூட மாறலை. பேச்சு மாறினது இவர் இல்லை."

அதிகாரி மச்சினன் பக்கம் திரும்பினார்.

"மாமா... அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம் மாமா," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அதிகாரி முத்திரையை மேசையில் வைத்தார். பேச்சு மாறுகிறார்கள் என்று இதே முத்திரையைக் குத்தி அவர் விமானம் ஏற்றிவிட்ட முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்களும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் இவன்தான் மொழிபெயர்த்தான்.

"அந்த வரிக்கு... என்ன மேடம் அர்த்தம்?" என்று கேட்டார் அதிகாரி.

தாடிக்காரன் நெஞ்சில் கை வைத்து, அதே வரியை இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அது என்னவென்று அவனைத் தவிர அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.