சிவப்பே எரியாத ஆபீஸ்

மேஜை மேல் கேக்கைப் பார்த்ததும் அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். வேலையை விட்டு அனுப்பினாலும், கடைசியாக ஒரு துண்டு ஊட்டி அனுப்புகிற அளவுக்கு ஈரம் இருக்கிறதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா கதவுகிட்டயே நிக்கிறே? லேப்டாப்பைக் குடுத்துட்டு நீயும் ஒரு துண்டு சாப்பிட்டுப் போ," என்றார் மேலாளர். "தம்பி வந்த மறுநாளே அந்தப் பிழையை ஒழிச்சுட்டான். அதுக்குத்தான் இது."

தம்பி, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த புதியவன். பாராட்டு தாங்காமலோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான்.

பரிசோதனைக்கூடங்களுக்கு இந்த ஆபீஸ் எழுதித் தரும் மென்பொருளில் இருந்தது அந்தப் பிழை. ரத்தம் கொடுக்க வரவேண்டிய தேதியை ஒரு நாள் தள்ளிக் காட்டும். நோயாளி வெறும் வயிற்றோடு வந்து, பூட்டிய கதவைத் திட்டிவிட்டுப் போவார்.

அவள் திருத்தினாள். அவள் மெஷினில் தேதி கச்சிதமாக வந்தது. பட்டனைத் தட்டினால் போதும், மீதியை ஸ்கிரிப்ட் என்கிற தானியங்கி நிரல் பார்த்துக்கொள்ளும். மென்பொருளைக் கட்டி, சர்வரில் ஏற்றி, பச்சை விளக்கும் காட்டும். பரிசோதனைக்கூடங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலை அதே வசவு வரும். வேறு மாதிரி திருத்தினாள். மறுபடி பச்சை, மறுபடி வசவு.

"என் மெஷின்ல சரியா வருது சார்."

"அப்ப உன் மெஷினையே பொட்டலம் கட்டி அவங்களுக்கு அனுப்பிடலாமா?"

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வாரக் கடைசியில் அவளுக்குச் சீட்டைக் கிழித்தார்கள்.

மேலாளர் இப்போது கனைத்தார். அவர் கனைத்தால், கேக் காய்ந்து ரொட்டியாகும் வரை பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவப்பு என்றால் அடுத்தவன் சட்டையில் இருந்தாலும் பிடிக்காத மனிதர்.

"நான் வந்த புதுசுல, சுவர்ல இருக்கிற இந்த விளக்குத் திரை எப்படி இருந்துச்சு? ஒரே சிவப்பு! மென்பொருளோட வெளியீட்டு நம்பர்ங்கிறது நம்ம கௌரவம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் சட்டை மாத்துற மாதிரி அதை மாத்தாதீங்கன்னேன். உடனே சர்வர் 'இந்த நம்பர் ஏற்கனவே இருக்கு'ன்னு கத்துது, ஸ்கிரிப்ட் பாதியில படுத்துக்குது. ஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதே நம்பர் இருந்தா சத்தம் போடாம தாண்டிப் போ! அதுக்கப்புறம் இங்க யாராவது சிவப்பைப் பார்த்திருக்கீங்களா? தலைமை ஆபீஸே கூப்பிட்டுக் கை குடுத்துச்சு. கருவி பக்காவா இருக்கு. ஆனா அதைப் பிடிக்கிற கையில சரக்கு இருக்கணும் இல்லியா?"

சொல்லிவிட்டு அவர் அவளைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

லேப்டாப்பை வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடி வந்தாள். போனில் அக்கா விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி தொலைஞ்சே? அந்தப் புதுக் கம்பெனிக்காரங்க இப்பவே பதில் கேக்கிறாங்க. வர்றேன்னு சொல்லிடட்டா?"

"வேணாம்னு சொல்லிடுக்கா."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உனக்காக யார் யார் கால்ல விழுந்திருக்கேன் தெரியுமா?"

"நான் மாசக்கணக்கா முட்டி மோதினதை வந்தவன் ஒரே நாள்ல முடிச்சுட்டான்க்கா. அங்கேயும் போய் அசிங்கப்படணுமா? எனக்கு இந்தத் தொழில் வராது. அத்தான் கடையில பில் போடுறேன், விட்டுடு."

அக்கா பட்டென்று வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன். அடுத்த ஆள் தயாரா நின்னுட்டிருந்தானாம், எடுத்துட்டாங்க. இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

"இருக்கு," என்றாள். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத குரலில் சொன்ன பொய்.

கதவு திறந்து புதியவன் வெளியே வந்தான். "போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன் மேடம்."

"நல்லதாப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. நான் எந்த இடத்துல தப்பு விட்டேன்? யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சதுதான் மிச்சம். தெரிஞ்சா நிம்மதியா வேற வேலையைப் பார்ப்பேன்."

அவன் பின்னால் கதவைச் சாத்தினான். உள்ளே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"நான் ஒரு எழுத்துகூட எழுதலைங்க. நீங்க முதல் தடவை திருத்தினதையே எடுத்தேன். உங்க சாரோட கௌரவ விஷயம் தெரியாம, புது நம்பர் போட்டு ஏத்தித் தொலைச்சேன்."

"அப்ப... நான் இத்தனை நாளா அனுப்பினதெல்லாம்?"

"எல்லாம் பழைய நம்பர்தானே, ஸ்கிரிப்ட் ஏத்தாமலே தாண்டிப் போய்ப் பச்சை காட்டியிருக்கு. ஒண்ணுகூட வெளியே போகலைங்க."