பிரிக்காத கட்டு

ஒபோக்குவின் கம்ப்யூட்டரில் மறுபடியும் அப்டேட் பாதியில் நின்று, ‘இடம் போதவில்லை’ என்கிறது திரை. டக்கோராடித் துறைமுகத்து உப்புக்காற்றில் ஜன்னல் துணி உப்பி அடங்குகிறது. குமாசியிலிருந்து வந்திருக்கும் தங்கை அஃப்ரியே, புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கென்கே உருண்டை பிய்த்த கையைத் துடைத்துக்கொண்டு மவுசைப் பிடிக்கிறாள். “எதுண்ணே இவ்ளோ எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு?” ஒபோக்கு வாய் திறப்பதற்குள் தேடி எடுத்துவிடுகிறாள். அம்மாவின் சாவு வீடியோ. முரசும் ஆட்டமும், சிவப்பும் கறுப்புமாய் உடுத்தி ஊரே கூடியதும், எல்லாம் அதில் இருக்கிறது. வேலையைச் சாக்குச் சொல்லி அடக்கத்துக்கு வராத மூத்த மகனுக்காக, அஃப்ரியேதான் ஆள் வைத்துப் படமெடுத்து அனுப்பியது. அவள் அனுப்பிய அதே ஜிப் கோப்புக் கட்டாக, பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அவள் விரல் நின்றுவிடுகிறது. “போன்ல, பாத்துப் பாத்து அழுதேன்னு சொன்னியேண்ணே?” ஒபோக்குவுக்குக் காதுமடல் சுடுகிறது. கென்கே சுற்றியிருந்த வாழையிலையை மடிக்கிறான், பிரிக்கிறான், மறுபடி மடிக்கிறான். தலைக்குமேல் மின்விசிறி கடகடக்கிறது. அவள் திட்டினால்கூடத் தேவலாம் போலிருக்கிறது. “இத அழிச்சா எடம் கெடைச்சிடும்,” என்கிறாள், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். “அழிச்சிடவா?”

“வேணாம்,” என்கிறான் ஒபோக்கு, இலையிடம் சொல்வதுபோல. “நான் இன்னும் பாக்கல.”