மாமி மறிச்ச குசினி

"கமலாக்கா, இனி என்னாலை ஏலாது. விடியப் படகிலை கரம்பொனுக்கு, அம்மாட்டைப் போறன்."

ஏழு மாத வயித்தோடை ஜெனீற்றா என்ரை வேலிக்கரையிலை நிண்டு அழுதாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளையக்காவின்ரை மருமகள் அவள். விஞ்ஞான ரீச்சர். வேதக்காரப் பெட்டை, சேர்ச்சுக்குப் போறவள். மகன் கஜீபன் விரும்பிக் கட்டினவன்.

"வந்த நாள் தொட்டு நான்தானே சமைச்சனான்? இப்ப கொஞ்ச நாளா மாமி குசினி வாசலிலையே மறிக்கிறா. தேத்தண்ணி வைக்கவும் விடுறா இல்லை. மீன் மச்சம் சமைச்ச கையெண்டு நினைக்கிறாவோ?"

"வேறை என்ன? பேரப்பிள்ளை வரப்போகுதெண்ட உடனை ஆசாரம் வந்திட்டுது. வா, நான் கேக்கிறன்."

அடுத்தவையின்ரை வீட்டுக்குள்ளை தலை போடுற பழக்கம் எனக்கில்லை. ஆனால் இதைக் கேட்டுப்போட்டுச் சும்மா இருந்தால் சோறு செமியாது.

அங்கை காஸ் முடிஞ்சு கொஞ்ச நாள், சிலிண்டர் இன்னும் படகிலை வரேல்லை. அக்கா காவோலையைத் தள்ளி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தா. ஒரே புகை.

"அக்கா, வேதக்காரி அடுப்பைத் தொட்டால் உங்கடை சாமி கோவிக்குமோ?"

அவ என்னைக் கவனிக்கவே இல்லை; பின்னாலை வந்த ஜெனீற்றாவைப் பாத்துக் கத்தினா. "பிள்ளை, நீர் அங்காலை போம்! போமெண்டெல்லே சொல்லுறன்!"

"பாத்தியளே கமலாக்கா?" ஜெனீற்றா என்னட்டைத் திரும்பிச் சொன்னாள். "மாமி, நான் நாளைக்குப் போறன்."

ஊதுகுழல் கையிலை இருந்தபடி அக்கா திகைச்சுப்போனா. பிறகு இருமிக்கொண்டு வெளியிலை வந்தா.

"அண்டைக்கு விறாந்தையிலை பெட்டையளுக்குப் படிப்பிச்சனீர். நான் புட்டு அவிச்சுக்கொண்டு கேட்டனான்."

"என்னத்தை மாமி?"

"முந்தி முட்டைக்குள்ளை கிடந்த குஞ்சு ஓட்டாலை மூச்செடுத்ததாம். பிறகு குட்டி போடுற சாதியள் வர, அந்த முட்டைத்தோல்தான் தாயின்ரை வயித்தோடை ஒட்டி நச்சுக்கொடியா மாறினதாம். ரெண்டு பேரின்ரை இரத்தமும் கலக்காதாம். பிள்ளையின்ரை இரத்தம் தாயிட்டையிருந்து ஒட்சிசனை மட்டும் இழுத்தெடுக்குமாம். சொன்னனீரோ இல்லையோ?"

"ஓம் மாமி..."

"புகையிலை இருக்கிற நச்சுக்காத்தையும் அப்பிடித்தான் இழுக்குமாம். பிடிச்சால் லேசிலை விடாதாம். அதுவும் நீர்தானே சொன்னது?"

ஜெனீற்றா அடுப்பைப் பாத்தாள். சோதினைக்கு வருமெண்டு ஊர்ப்பிள்ளையளுக்கெல்லாம் சொன்னவள், தன்ரை வயித்தை நினைக்கவே இல்லை. கை மெல்ல வயித்துக்குப் போச்சுது.

எனக்கு ஒருமாதிரிப் போச்சுது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"ரீச்சருக்கு நான் பாடம் எடுக்கிறதே? வெக்கமாக் கிடந்தது."

மருமகளின்ரை முகத்தைப் பாக்காமலே சொன்னா:

"எத்தினையோ கோடி வருசமாப் பாடுபட்டு வந்த மூச்செண்டு சொன்னனீர் பிள்ளை. ஒரு நேரப் புட்டுக்காக அதை மறிக்கிறதே?"