நண்டு ரத்தச் சோதனை

"மேசையை இடிச்சது நான்தான் சார்" என்று துப்புரவு அக்கா வந்து நின்றதும் மேற்பார்வையாளருக்குக் கோபம் தலைக்கேறியது.

ஊசி மருந்து தயாரிக்கிற இடம் அது. லாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த நொதிகளோடு மருந்தைக் கலந்து, சின்னக் குழாய்களில் ஒரு மணி நேரம் வெதுவெதுப்பாக வைப்பார்கள். மருந்தில் கிருமியின் நஞ்சு இருந்தால் கலவை உறைந்துவிடும். குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. ஆனால் நடுவில் மேசை ஆடினால் போச்சு. உறைந்தது உடைந்து, கெட்ட மருந்தும் நல்லதாகத் தெரியும்.

சற்று முன் கவிழ்த்த குழாய்களில் எல்லாம் தண்ணீராகத்தான் வழிந்தது. சரக்கு ஏற்ற லாரியும் வந்துவிட்டது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று ஆரம்பித்தவர், மூச்சு வாங்கும்வரை திட்டினார். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் பின்னால் நின்ற, சோதனை செய்யும் புதுப் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். போய் மறுபடி சோதனையை வை என்று அவளையும் விரட்டினார்.

இன்னும் ஒரு மணி நேரம். லாரிக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இந்தத் தடவை குழாயைக் கவிழ்த்தால், உள்ளே இருந்தது அசையவே இல்லை. ஒன்றிலும் அசையவில்லை.

மருந்தில் நஞ்சு இருந்தது. மேற்பார்வையாளர் லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்.

"அந்தம்மா வாயைத் திறக்காம இருந்திருந்தா, எத்தனை நோயாளிங்க கதி என்னாகியிருக்கும்? நேர்மைன்னா அது. கத்துக்கோ" என்று சோதனைப் பெண்ணிடம் சொல்லியபடியே அறிக்கையை வாங்கினார்.

மறுசோதனைக்கான காரணம் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து: 'மேசையை இடித்தது நான். அக்கா அப்போது அறையிலேயே இல்லை.'

அக்காவைக் கூப்பிட்டு, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு உங்க ரூம் வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு சார். உள்ள வரவும் பயம், சொல்லாம போகவும் மனசு வரல. அதுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலையாம். எனக்கு ஆகிப் பதினாறு வருஷமாச்சு, உங்க திட்டும் பழகிப்போச்சு."