பத்தொன்பதாம் நாள், கீழ்ப்படுக்கை

நான் குடிலின் கதவைத் திறந்தபோது மாவீரர் அடுக்குக்கட்டிலின் கீழ்ப்படுக்கையில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மணி காலை பத்தரை.

வாசலில் அவருடைய சறுக்குவண்டி பாதி பனியில் புதைந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில், 'தனியாக. உதவியின்றி. கூரையின்றி.' அதற்குக் கீழே சாக்லேட், காலுறை, வங்கி என்று உதவியவர்களின் சின்னங்கள்.

ஹால்வர் ஸ்ட்ராண்ட். ஐம்பத்தெட்டு வயது. ஒஸ்லோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய அதிகாரி. எண்பது கிலோ வண்டியை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு, ஸ்கீ கட்டைகளில் எங்கள் பீடபூமியைக் கடந்து கடலோரம் போய்ச்சேர வந்தவர். இன்று பத்தொன்பதாம் நாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்கு வானொலிதான் காரணம். தினமும் காலையில் அவரைச் செயற்கைக்கோள் தொலைபேசியில் பிடித்துப் பேசவைக்கிறார்கள். இன்றும் பேசினார். முப்பத்தொரு டிகிரி உறைகுளிர், கூடாரம் காற்றில் அடித்துக்கொள்கிறது, இயற்கையின் முன் மனிதன் வெறும் தூசு என்றார். என் வீட்டு வாசலில் உள்ள வெப்பமானி மைனஸ் பதினான்கு காட்டியது.

அவர் குரலுக்குப் பின்னால் டக், டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கூடாரத் துணி படபடக்கிறது என்றார் அறிவிப்பாளர், நெகிழ்ந்துபோய்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வழிப்போக்கர்கள் தங்குகிற இந்த மரக்குடிலின் அடுப்புக் கதவு. ஒரு கீல் தளர்ந்திருக்கிறது. குடிலைப் பார்த்துக்கொள்வது நான்தான், சரிசெய்ய நேரமில்லை.

விறகை ஏற்றிக்கொண்டு பனிஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன்.

"என்ன வீரரே, கூடாரம் ரொம்ப ஆடுதோ?"

கண்ணைத் திறந்தார். துள்ளி எழவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. மூக்கு நுனி கறுத்திருந்தது. இடுப்பில் வார் அறுத்த இடத்தில் சட்டையோடு ரத்தம் ஒட்டிக் காய்ந்திருந்தது. மெதுவாகக் காலைக் கீழே இறக்கி உட்கார்ந்தார்.

"நீங்க என்னைப் பார்க்கல," என்றார்.

"நான் பார்க்கல. புத்தகம் பார்த்துடுச்சே."

மேசைமேல் குடில் புத்தகம் திறந்து கிடந்தது. தங்குகிறவர்கள் பேர், எங்கிருந்து எங்கே, எரித்த விறகு, வானிலை எல்லாம் எழுதவேண்டும். இந்த நாட்டில் தேவாலயத்தில் பொய் சொல்கிறவன்கூடக் குடில் புத்தகத்தில் சொல்லமாட்டான்.

கையெழுத்து அழகாக இருந்தது. 'ஹால்வர் ஸ்ட்ராண்ட், ஒஸ்லோ. இரண்டு இரவுகள். கீழ்ப்படுக்கை. விறகு மூன்று கூடை. அலமாரியிலிருந்து பட்டாணி சூப் ஒரு பொட்டலம். அடுப்பு அருமை. மனமார்ந்த நன்றி.'

நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். சினைப் பனிமான்கள் கடலோரத்துக்கு இடம்பெயர்கிற நேரம் இது. மந்தையின் பின்னால் அலைந்து மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. கோபப்பட ஆசைதான். உடம்பு ஒத்துழைக்கவில்லை.

"எழுதாமப் போயிருக்கலாமே?"

"எப்படி எழுதாமப் போறது?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.



"இது மூணாவது தடவை," என்றார். "முதல் தடவை கால்விரல் ரெண்டு போச்சு. அடுத்த தடவை பாதியிலேயே ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு மேல இந்த உடம்புல ஒண்ணும் இல்ல. இதை யாராவது படிச்சா எல்லாம் முடிஞ்சுது. கடலோரத்துல மேயர் மாலையோட நிக்கப்போறார். என் பயண நூலுக்கு அட்டைகூட அடிச்சாச்சு."

"என்ன பேரு?"

"கூரையில்லா இருபத்து நான்கு நாட்கள்."

அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

எழுந்து மேசைக்கு வந்தார். கொப்புளம் வெடித்த விரல்களால் அந்தத் தாளின் மேல்முனையைப் பிடித்தார்.

"பிய்க்காதீங்க," என்றேன்.

கையை எடுத்துவிட்டார். "தெரியும். தப்புதான்."

"தப்பா சரியான்னு எனக்கென்ன தெரியும். பிய்ச்சா தையல் விட்டுடும், பின்னாடி இருக்கிற தாளும் சேர்ந்து வந்துடும். டிராயர்ல பிளேடும் ஸ்கேலும் இருக்கு. ஓரத்துல அரை விரல் விட்டு வெட்டுங்க."

டிராயரைத் திறந்தார். பிளேடு, இரும்பு ஸ்கேல், அடுத்த தாளில் கீறல் விழாமல் இருக்க அடியில் வைக்கும் மெல்லிய பலகை. எல்லாவற்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு உட்கார்ந்து வெட்டினார். நேராகத்தான் வெட்டினார், அத்தனை களைப்பிலும்.

தாளை உருவியபோது புத்தகம் முதுகு விரிந்து பிளந்துகொண்டது. உள்மடிப்பில் அரை விரல் அகலத்தில், முன்பே வெட்டியெடுத்த தாள்களின் மிச்ச ஓரங்கள். முன்பக்கம் புரட்டினார். அங்கே ஒன்று. இன்னும் முன்னால், இன்னொன்று. எல்லாமே நேரான வெட்டு. புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை பேர்?" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

பனிமான் மேய்க்கும் எங்கள் ஆட்களிடம் எண்ணிக்கை கேட்கக்கூடாது. மந்தையில் எத்தனை பனிமான் என்று கேட்கிறவனுக்கே நாங்கள் பதில் சொல்வதில்லை.

விறகை இறக்க வெளியே போனேன்.